வேபர் தொரையின் கோட்டும் வீரபத்திர அண்ணனும்

சனிக்கிழமை சலவை மூட்டை வழக்கம்போல வந்தது. கொண்டுவந்த ஆள்தான் வேறு. எங்கள் டோபி வீரபத்திர அண்ணனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மூட்டையை என் வீட்டுப் படியில் இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். "வீரபத்திரண்ணே இன்னைக்கு விடியக்காலம் போயிட்டாருங்க கிராணியாரே. மூணே நாள் காய்ச்சல். இந்த மூட்டை அவரு போன வாரமே தேய்ச்சுக் கட்டி வச்சது. கொடுத்துட்டு, சாயங்காலம் எடுக்கறோம்னு சொல்லிட்டு வரச் சொன்னாங்க" என்றார். மூட்டையை எடுத்து உள்ளே வைப்பதா, வெளியிலேயே விடுவதா என்றுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் ஈப்போவில் அவரை எடுத்தபோது நானும் என் மச்சான் ஆரோக்கியமும் போயிருந்தோம். மச்சான் என் அக்காவின் கணவர். நான் கிராணியாகக் கணக்கு எழுதும் தோட்டத்தில், வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் சமையற்காரர். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் அவர் நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: "நல்ல வேலைக்காரன்தான். என்ன பண்றது, நம்பிக் கொடுத்த கோட்டை வித்த கை. அந்தாளால நான் ஜெயிலுக்குப் போகப் பார்த்தேனே!" கூட நடந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆம், ஆட்டினேன்! அந்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுவது அதனால்தான்.

ஈப்போவில் அவரைத் தெரியாதவர் குறைவு. கிந்தா ஆறு ஈயச் சுரங்கத்துச் சேறு கலந்து பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் ஓடுகிறது. அதில் வெள்ளைத் துணியை முக்கினால் காவியாகத்தான் வரும். ஆகவே அவர் சுண்ணாம்பு மலையடியில் ஊறும் தெளிந்த ஓடை வரைக்கும் மூட்டைகளை வண்டியில் கொண்டுபோய்த் துவைத்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சேங்கொட்டை மையால் துணியின் மூலையில் போடும் குறிகள் அத்தனையும் மனப்பாடம். ஒரு வீட்டுக்கு ஒரு கோடும் கொக்கியும், இன்னொரு வீட்டுக்கு இரண்டு பிறை, மற்றொன்றுக்குச் சூலம். எத்தனை முறை துவைத்தாலும் அந்த மை போகாது.

தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் தன் பெயரே தெரியாத ஒருவர் இருந்தார். யாரோ ரயிலடியில் கண்டு கொண்டுவந்து சேர்த்தார்களாம். வீரபத்திரர் வேறு வேலையாக அங்கே போனபோது அந்த ஆளின் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். "இது நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துத் துணியாச்சே, நம்ம சம்பந்தக்காரன் போட்ட குறி" என்று சொல்லி, ஒரே வாரத்தில் அந்த ஆளின் பெண்டாட்டியைக் கூட்டிவந்து எதிரில் நிறுத்திவிட்டார். அவள் அவர் காலில் விழப்போனாளாம். "என் காலை விடும்மா, அந்தக் காலரைக் கும்பிடு" என்றாராம். "துணி வாயைத் திறக்காது கிராணியாரே, காலரைத் திருப்பினா எல்லாத்தையும் கக்கிடும்" என்று எனக்குச் சொன்னது அந்தச் சமயத்தில்தான்.

அந்த நாளில் நான் அவரை அண்ணன் என்று கூப்பிடவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை 'வீரபத்திரா' என்றுதான் கூப்பிட்டேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

இனி, அந்தக் கோட்டு.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். எங்கள் தோட்டத்தில் பொங்கலுக்கு நாடகம் போடுவது என்று முடிவாயிற்று. நான் ராஜா. எனக்கு நடிப்பு வராது. உயரம் இருந்தது, அவ்வளவுதான். தொரையே பார்க்க வருகிறார் என்றதும் தலை கால் தெரியவில்லை. ராஜாவுக்கு ஏற்ற கோட்டு தேடி வீரபத்திரரிடம் போனேன். கல்யாணத்துக்கும் நாடகத்துக்கும் டோபியிடம் துணி இரவல் வாங்குவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. வாங்குகிறவன் சொல்ல மாட்டான், கொடுக்கிறவனும் சொல்ல மாட்டான். அவர் எடுத்துக் காட்டியது ஒன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. "அதுல என்ன?" என்று கேட்டு நானே மூடியைத் தூக்கினேன். வேப்பிலைக்கும் கிராம்புக்கும் அடியில், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாளத்துக் கோட்டு. கழுத்தில் சிவப்புப் பட்டை, மார்பில் பித்தளைப் பொத்தான்கள். அடடா! ராஜாவுக்கென்றே தைத்ததுபோல இருந்தது.

"அது வேணாம் கிராணியாரே" என்றார். "அது எங்கண்ணன் காலத்துத் துணி. நான் இந்த ஊருக்கு வந்த வருஷம் அண்ணன் காய்ச்சல்ல படுத்தாரு. சாகறப்ப கையைப் புடிச்சுச் சொன்னாரு, இந்தப் பெட்டித் துணிக்கு ஆளு வருவான், யாருக்கும் கொடுத்துடாதேன்னு. அது ஆளு வர்ற துணி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எத்தனை வருஷமா வராத ஆளு இனிமே வரப்போறானாக்கும்! கொடுக்க முடியாதுன்னா சொல்லு, எங்க கிராணிமார் வீட்டு மூட்டையெல்லாம் வேற கடைக்குப் போகும்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மிரட்டினேன். அவர் கோட்டை எடுத்து உதறி, மடித்து, என் கையில் கொடுத்தார். "வேர்வை படாம பார்த்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பிற்பகல் கொட்டகையில் நாடகம். நான் செங்கோலுடன் மேடைக்கு வந்து முதல் வரியைத் தொடங்கினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தொரை எழுந்து நின்றார். கைதட்டத்தான் எழுந்தார் என்று நினைத்து நான் குரலை இன்னும் உயர்த்தினேன், மடையன்! அவர் நேரே மேடைமேல் ஏறி என் கழுத்துப் பட்டையைப் பிடித்தார். முகம் வெளுத்திருந்தது.

"கிராணி! இந்தக் கோட் நீ எங்கே எடுத்தது?"

பத்து நாளுக்கு முன்பு பங்களாவில் ஒரு பெட்டியை யாரோ உடைத்திருந்தார்கள். தொரையின் தம்பி சண்டையில் செத்துப்போனவர். அந்தப் பையனின் கடியாரம், கடிதங்கள், அவன் ஒரு ஜெர்மன் அதிகாரியிடமிருந்து எடுத்து வைத்திருந்த கோட்டு எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தனவாம். பெட்டி இருந்த அறைக்குள் போய்வருகிறவர் என் மச்சான் ஒருவர்தான். அந்த மச்சானின் மைத்துனன் ஜெர்மன் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையில் நிற்கிறான். யாராக இருந்தாலும் இரண்டையும் கூட்டிப் பார்க்கத்தானே செய்வார்கள்?

வீரபத்திரரிடம் வாங்கினேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் இரவல் வாங்கிய குட்டு உடையும். கிராணிக்கு அது கௌரவக் குறைவு. நாக்கு தானாகவே புரண்டது. "பாசார்ல ஒரு பழந்துணிக்காரன்கிட்ட வாங்கினேன் தொரை" என்றேன்.

"பேராக் ஸ்டேட்லே ரெண்டு ஜெர்மன் கோட் இருக்குமா? அந்த ஆளைத் திங்கக்கிழமை காலையிலே இங்கே கொண்டு வா. இல்லேன்னா ஆரோக்கியம் போலீஸுக்குப் போகும்" என்றார் தொரை. கோட்டைக் கழற்றி வாங்கிப் பங்களாவில் வைத்துப் பூட்டினார். மச்சானைப் பங்களாப் பின்கட்டில் காவல் போட்டு உட்கார வைத்தார்கள். அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பாவி, எங்க தொலைஞ்சு வாங்கினே? போய் அந்தாளைக் கூட்டிட்டு வா! மூணு புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்கடா போவேன்?" என்று கத்தினாள். இல்லாத பழந்துணிக்காரனை நான் எங்கே போய்த் தேடுவது?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் முதல் ரயிலைப் பிடித்து ஈப்போவுக்கு ஓடினேன். வீரபத்திரர் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாக்கியத்தக்கா எனக்குக் கோப்பி கொடுத்தார். அதைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. ஒரு வார்த்தை திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அது உங்க தொரை கோட்டு இல்லைன்னு காட்டணும், அவ்வளவுதானே? அப்ப அது யாரு கோட்டுன்னு கண்டுபிடிக்கணும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். வருஷத்துக்கு ஒருமுறை வெயில் காட்டியிருக்கிறாரே, காலருக்கு அடியில் இருந்த குறி நினைவில் இருந்தது. விரலால் தரையில் வரைந்தார்: ஒரு கோடு, இரண்டு கொக்கி. வரைந்த கை அப்படியே நின்றது.

"ஐயோ கிராணியாரே, இது மேட்டு ரோட்டு வீட்டுக் குறி. இப்ப அங்க இருக்கறது போலீஸு இன்ஸ்பெக்டரு."

போலீஸ் அதிகாரியின் கோட்டைப் போட்டுக்கொண்டா நான் ராஜாவாக நின்றேன்! மச்சானோடு நானும் போக வேண்டியதுதான் என்று தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இருங்கலா, அழுவாதீங்க" என்றார் அவர். "குறி ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. வெள்ளைக்காரங்க வருவாங்க போவாங்க, வீடு எங்க போகுது? அந்த வீட்டுக்குப் புது ஆளு வந்தா பழைய குறி பக்கத்துல ஒரு புள்ளி வைப்போம். அதுக்கப்புறம் இன்னொருத்தன் வந்தா ரெண்டு புள்ளி. இன்ஸ்பெக்டரு துணியில ரெண்டு புள்ளி இருக்கு. கோட்டுல புள்ளியே இல்லை. அப்ப அது அந்த வீட்டுல மொதல்ல இருந்தவனுக்கு உள்ளது. நான் வர்றதுக்கு முந்தி."

உள்ளே போய்த் தம் அண்ணி முத்தம்மாளைக் கூட்டிவந்தார். அண்ணன் இருந்த காலத்தில் வெள்ளைக்காரர் துணிக்கெல்லாம் இஸ்திரி போட்டவர் அந்த அம்மாள். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். நான் அவர் வாயையே பார்த்தேன்.

"மேட்டு ரோட்டு வீடா? மொதல்ல வேபரு தொரைல்ல இருந்தாரு. ஈயம் வாங்குற கம்பெனி. ஒல்லியா, செவப்பா. வருஷத்துல ஒருநாள் அவங்க ராசாவுக்குப் பொறந்த நாளாம், இந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு பினாங்குக்கு விருந்துக்குப் போவாரு. அந்த வருஷம் கோட்டுக் கையில சிவப்பா சாராயத்தைக் கொட்டிக்கிட்டு வந்தாரு. மாசக்கணக்கா வச்சிருந்துட்டுக் கறை எடுக்கக் கொடுத்தாரு. அதுக்குள்ள சண்டைன்னாங்க. மாத்தாக்காரங்க, போலீஸுதான், வந்து ஒரே பெட்டியோட கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஏன் கூட்டிட்டுப் போனாங்கன்னு நமக்கு யாரு சொன்னா? எல்லாம் வெள்ளைக்காரங்கதானே!"

எங்கள் கண்ணுக்கு எல்லோரும் தொரை. அதில் யார் இங்கிலீஷ்காரன், யார் ஜெர்மன்காரன் என்று எந்த டோபி பிரித்துத் துவைத்தான்! ஒரு ஜெர்மன் பட்டாளத்துக் கோட்டை அத்தனை வருஷம் வேப்பிலை போட்டு வைத்திருந்தவர்களுக்கு அது இன்னதென்றே தெரியாது.

ஆனால் வயதான ஓர் அம்மாளின் நினைவை வைத்துக்கொண்டு தொரை முன்னால் போய் நிற்க முடியுமா? நான் கேட்டேன். வீரபத்திரர் யோசித்துவிட்டு, "கோட்டு உள்பையில, அடியில, ஒரு சின்னத் துணிச்சீட்டு தைச்சிருக்கும். வெயில் காட்டறப்ப விரல்ல தட்டுப்படும். மேல மையால ஏதோ எழுதியிருக்கும். எனக்கு எங்க படிக்கத் தெரியும்? நீங்க பார்த்தீங்களா?" என்றார். நான் பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் மார்பை நிமிர்த்திப் பார்க்கத்தான் எனக்கு நேரம் இருந்தது. கோட்டோ இப்போது பங்களாவில் பூட்டிக் கிடக்கிறது. சீட்டில் இருப்பது தையல்காரன் பெயரா, போட்டவன் பெயரா, வேறு யார் பெயரா, ஒன்றும் தெரியாது.

"நாளைக்கு நான் வாரேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாக்கியத்தக்கா மட்டும், "நீங்க ஏன் போறீங்க? டோபி கையில இருந்த துணின்னு தெரிஞ்சா ஊரு சும்மா விடுமா?" என்று கேட்டார். அவர் கரியை ஊதினார்.

திங்கட்கிழமை காலை பங்களா வராந்தாவில் நின்றோம். மச்சானைக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்; இரண்டே நாளில் முகம் சுருங்கிப் போயிருந்தது. வீரபத்திரர் வெளுத்த வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். தொரை சிரித்தார். அந்தச் சிரிப்பில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை.

"பேர் யாரும் சொல்லலாம், டோபி."

"சரிங்க தொரை. எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. கோட்டை இப்ப நான் தொடலை. உள்பையைத் திருப்பிப் பாருங்க, ஒரு சீட்டு இருக்கும். அதுல வேபருன்னு இல்லைன்னா ஆரோக்கியத்தை விட்டுட்டு என்னைக் கொண்டு போங்க."

தொரை கோட்டைக் கொண்டுவரச் சொன்னார். உள்பைக்குள் இரண்டு விரலை விட்டுத் திருப்பினார். வெளிச்சத்துக்காக வராந்தா ஓரத்துக்குப் போனார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மை மங்கியிருந்தது போலும். ஒவ்வோர் எழுத்தாக உதட்டை அசைத்தார். மாதாவே, மாதாவே என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"வேபர்" என்றார் தொரை.

மச்சான் அப்படியே குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தொரை அந்தச் சீட்டையே வெகுநேரம் பார்த்தார். தம்பியின் பொருள் கைக்கு வந்துவிட்டது என்று இரண்டு நாள் நினைத்திருந்தவர் அல்லவா? தம்பியின் கோட்டு கடைசிவரை கிடைக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்போ பாசார் பழந்துணிக்காரன் யாரு? நீ எனக்குப் பொய் சொல்லிச்சா, கிராணி?"

பொய் சொன்ன கிராணியை எங்கள் தொரை ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டார். அது தோட்டம் முழுவதும் அறிந்த சங்கதி. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் வீரபத்திரர் முந்திக்கொண்டார்.

"நான்தாங்க தொரை பாசார்ல ஆளு வச்சு வித்தேன். ஆளு வராத துணின்னு ஆசைப்பட்டுட்டேன். கிராணியாருக்கு அது டோபி துணின்னே தெரியாது."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

தொரை அவரைத் திட்டினார், போலீஸுக்கு அனுப்பவில்லை. கீழே இறங்கும்போது வீரபத்திரர் திரும்பி நின்று, "தொரை, அந்தக் கோட்டு எங்கிட்ட இருக்கணுங்க" என்று கேட்டார். விற்றுவிட்டேன் என்று சொன்ன அதே வாயால் கேட்டார். தொரை அதைத் தூக்கி அவரிடம் எறிந்தார். அது இன்றும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. வேபர் தொரை இதுவரை வரவில்லை.

தொரை வெள்ளைக்காரர் கிளப்பில் சொன்னார். ஒரே மாதத்தில் மேட்டு ரோட்டு வீடுகள் அத்தனையும் வீரபத்திரருக்கு மூட்டை கொடுப்பதை நிறுத்தின. கோலா கங்சார் சாலையிலிருந்த பங்களாக்களும் நின்றன. துணி விற்ற டோபி என்று பெயராயிற்று. அவர் தோட்டத்து ஆஸ்பத்திரிப் போர்வைகளையும், சீழும் இரத்தமும் பட்ட கட்டுத் துணிகளையும் துவைக்கப் போனார். ஒருநாள் ஓடைக்கரையில் அவரைத் தனியாகப் பிடித்து, "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். முதல் முறையாக நான் அண்ணே என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு வேலை போனா உங்களை நம்பி எத்தனை வாயி! எனக்கு என்ன கிராணியாரே, அழுக்கு இல்லாத ஊரு உண்டா?" என்றார். உண்மையைத் தொரையிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "இப்ப வேணாம், புள்ளைங்க வளரட்டும்" என்றார். அந்த 'இப்ப'வைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன். என் பிள்ளைகள் வளர்ந்துகொண்டேதான் இருந்தார்கள்.

இந்த எழுத்தை அச்சுக்கு அனுப்புமுன் மச்சானிடமும் அக்காவிடமும் வாசித்துக் காட்டினேன். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மச்சான் என்னை ஏறிட்டே பார்க்கவில்லை. தொரை இதைப் படிக்க மாட்டார். படித்தவர்கள் அவரிடம் போய்ச் சொல்வார்கள். சொல்லட்டும். பயமாகத்தான் இருக்கிறது.

வீரபத்திர அண்ணன் எனக்காகச் சொன்ன ஒரு பொய்தான் அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது. அதில் என் வீட்டில் ஆறு வருஷம் அடுப்பு எரிந்தது. அதை இனியும் வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. பாக்கியத்தக்கா, யாரையாவது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கோட்டை மிரட்டி வாங்கியவன் சின்னக் கிராணி சவரிமுத்துவாகிய நான். உங்கள் வீட்டுக்காரர் யார் துணியையும் விற்கவில்லை.